முகத்தில் கத்தி வைக்கலாமா?

மக்கள் உடம்பின் உறுப்புகளுள் பிறர் கண்ணுக்கு முதற்கண் புலப்படுவது முகமே. ஆதலின் அதனைப் பேணுவதில் எந்நாட்டாரும் எக்காலத்தாரும் கருத்துடையராய் இருந்து வந்திருக்கின்றனர். அக்கருத்து இயற்கையானது, இகழத்தக்கதன்று. ஆயினும் பேணுதல் வேறு, பிறர் செய்யக் கண்டு தாமும் செய்தல் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிய உதவாத கல்வியால் ஆவது யாதுமில்லை.

அண்மைக் காலத்தில் 'டெர்மாபிளேனிங்' என்னும் பெயரால் ஒரு முறை மாநகரங்களில் பரவி, நம் போன்ற கோயில் நகரத்து மாணவ மாணவியர் செவிக்கும் எட்டியிருக்கிறது. முகத்திலுள்ள மெல்லிய உரோமத்தையும், தோலின் மேற்பரப்பில் தங்கிய இறந்த படலத்தையும் கூரிய கத்தியால் மெல்லச் சீவி அகற்றுவதே அம்முறை. அதற்குரிய சிறு கத்திகள் கடைகளில் எளிதிற் கிடைக்கின்றன. எளிதிற் கிடைப்பதனாலேயே ஆராயாமல் எடுத்தாளுவாரும் பலர்.

இதைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் நம்மிடையே உலவுகின்றன. வீட்டுப் பெரியோர், "பெண்பிள்ளை முகத்தில் கத்தி படலாகாது, பட்டால் மீசையும் தாடியும் அடர்ந்து முளைக்கும்" என்று அஞ்சுகின்றனர். விளம்பரம் செய்வோரோ, ஒரு முறை சீவிய மாத்திரத்தில் முகம் பளிங்குபோல் ஒளிரும் என்று உறுதி கூறுகின்றனர். முன்னையது வீண் அச்சம். பின்னையது வீண் ஆசை. இரண்டிற்கும் நடுவே, நம் முகத்துக்கு இது பொருந்துமா பொருந்தாதா என்று தீர்மானித்தற்குரிய வழி யாது என்பதை இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வோம்.

தோலின் இயல்பு

முதலில் கத்தி எதனைத் தொடுகிறது என்று அறிதல் வேண்டும். நம் சருமம் மேல்தோல், உட்தோல் என இரு பெரும் பகுதிகளை உடையது. மேல்தோலின் அடியில் புதிய உயிரணுக்கள் இடையறாது பிறந்து, சிறிது சிறிதாக மேலெழுந்து, மேற்பரப்பை அடையும்போது உயிரிழந்து தட்டையான செதில்களாகின்றன. அச்செதில்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பெற்று, நம்மைக் காக்கும் ஒரு மதிலாக நிற்கின்றன. இளைஞர்க்கு இப்பயணம் முடிய ஏறக்குறைய 4 வாரங்கள் ஆகும்.

முகத்தில் இம்மதிலின் கனம் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறோ இரு கூறோ என்னும் அளவினது. நாம் எழுதும் தாள் இதனினும் பன்மடங்கு கனமுடையது. ஆயினும் உடம்பின் நீர் வெளியேறாமற் காப்பதும், புறத்தேயுள்ள கிருமிகள் உட்புகாமற் தடுப்பதும் இம்மெல்லிய படலமே. 'இறந்த தோல்' என்று இழிவாகப் பேசப்படினும், அது குப்பையன்று, கூரை. கூரையில் மிகுதியாகச் சேர்ந்த சருகை அகற்றலாம். ஓட்டையே பெயர்த்தெறிதல் கூடாது.

இனி, முகத்து உரோமம் இருவகைப்படும். பெண்கள், சிறுவர் ஆகியோர் கன்னங்களில் ஒளிபடுங்கால் மாத்திரம் தோன்றும் மென்மையான உரோமத்தைப் 'பூனை மயிர்' என்று நம்மவர் வழங்குவர். இது நிறம் குன்றியது, மெல்லியது, குட்டையானது. மற்றொன்று தடித்துக் கறுத்து வளரும் முதிர்ந்த உரோமம். ஆடவர் மீசையும் தாடியும் இவ்வகையின. இவ்விரு வகைக்கும் உள்ள வேற்றுமையை நினைவிற் கொள்க. பின்னர் நாம் செய்யும் தீர்மானம் பெரும்பாலும் இதனைப் பற்றியே நிற்கும்.

கத்தியும் நம் ஊரும்

சவரக் கத்தி நம் ஊருக்குப் புதிதன்று. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், பதினாறு வயதுடைய வேங்கடராமன் என்னும் மாணவர் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அன்றே அய்யங்குளக் கரைக்குச் சென்று தம் குடுமியைக் களைந்து தலையை மழித்துக் கொண்டார். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர் அவரே. அக்குளக்கரையில் நாவிதர் பலர் அக்காலத்தில் தொழில் செய்திருந்தனர் என்பதும் அவர் வரலாற்றினின்று அறியப்படும் செய்தி. குழந்தைகளுக்கு முடியிறக்கும் வேண்டுதலுக்காக இன்றும் குடும்பங்கள் கோயில் நகரங்களை நாடி வருகின்றன.

ஈண்டு ஒரு வேடிக்கையை நோக்குக. குழந்தைக்கு மொட்டையடிக்கும் தாய், "இனி முடி அடர்த்தியாக வளரும்" என்று மகிழ்கிறாள். அதே தாய், வளர்ந்த மகள் முகத்திற் கத்தி வைக்க எண்ணும்போது, "முடி அடர்த்தியாக வளர்ந்துவிடுமே" என்று கலங்குகிறாள். மகிழ்ச்சியும் கலக்கமும் ஒரே நம்பிக்கையின் இரு கிளைகள். அன்றியும், கைம்பெண்களின் தலையை மழிக்கும் கொடிய வழக்கம் சில வகுப்பாரிடை முன்னாளில் இருந்தமையால், பெண்ணும் சவரக் கத்தியும் சேருதல் அமங்கலம் என்னும் எண்ணமும் பலர் நெஞ்சில் ஊன்றிவிட்டது. ஆகவே பெரியோர் அச்சத்தை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. அதன் வேரை அறிந்து அமைதியாக விளக்குதலே தகும்.

அந்நம்பிக்கை உண்மையா? 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கூற்று அறிஞராகிய மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அம்மையார் இதனை ஆராய்ந்து, சவரம் செய்தலால் மயிரின் நிறமோ கனமோ வளரும் விரைவோ மாறுவதில்லை என்று கண்டார். 1970-ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், இளைஞர் ஐவர் ஒரு காலை மாத்திரம் வாரந்தோறும் பல மாதங்கள் மழித்து, மற்றொரு காலை அவ்வாறே விட்டு வைத்தனர். இரு கால்களின் உரோமத்திற்கும் வேற்றுமை காணப்படவில்லை.

காரணம் எளிது. மயிர் பிறக்குமிடம் தோலினுள்ளே ஆழ்ந்து கிடக்கும் மயிர்க்கால். கத்தி வெட்டுவதோ வெளியே நீண்ட, உயிரற்ற தண்டை மாத்திரமே. வெளியில் நிகழ்ந்த வெட்டை மயிர்க்கால் அறிவதில்லை. அவ்வாறாயின் மழித்த பின் மயிர் முரடாகத் தோன்றுவது ஏன்? இயல்பாக வளர்ந்த மயிரின் நுனி ஊசிபோல் கூம்பியிருக்கும். வெட்டுண்ட மயிரோ மொட்டையான முனையுடன் வெளிவரும். அதனால் விரல் தடவும்போது சொரசொரப்பாகத் தோன்றும். சில நாளில் அத்தோற்றமும் மறையும். குழந்தையின் தலைமயிரும் மொட்டையால் அடர்வதன்று. வயது ஏறுவதனால் அடர்வது. கத்தியால் மயிர் செழிக்குமாயின், மாதந்தோறும் முடி திருத்திக்கொள்ளும் ஆடவருள் வழுக்கைத் தலையர் ஒருவரும் இருத்தல் இயலாதன்றோ?

செய்வதும் செய்யாததும்

அச்சம் நீங்கிற்று; இனி ஆசையை அளந்து பார்ப்போம். இம்முறையால் விளையும் பயன்கள் உண்டு. பூனை மயிரும் சருகான படலமும் நீங்குதலால் முகம் சில நாட்கள் வழவழப்பாக இருக்கும்; ஒளி சீராகப் பட்டுத் தெளிவாகத் தோன்றும்; பூச்சுகள் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்பது குறையும். வலி பெரும்பாலும் இல்லை; இரசாயனப் பொருளும் வேண்டுவதில்லை.

அவ்வளவே. பருவினால் விழுந்த குழிகளை இது நிரப்பாது. ஆழ்ந்த கருமையையோ மங்கு எனப்படும் கன்னப் படர்வையோ போக்காது. நிறத்தை மாற்றாது. உரோமத்தை நிலையாக ஒழிக்காது. சில வாரங்களில் முன்போலவே வளர்ந்துவிடும். மேலும், படலம் மெலிந்த முகத்தில் களிம்புகள் விரைந்து உட்செல்லும் என்று விளம்பரத்தார் பெருமையாகக் கூறுவர். நல்ல களிம்பு விரைந்து செல்லுமாயின், எரிச்சலூட்டும் களிம்பும் அவ்வாறே விரைந்து செல்லும் என்பதை அவர் கூறுவதில்லை.

ஆகவே இம்முறை நஞ்சுமன்று, அமுதமுமன்று. ஒருவர்க்கு ஏற்குமா என்பதை மூன்று வினாக்களால் தீர்மானிக்கலாம். எவ்வகை உரோமம்? எந்நிலைத் தோல்? எவர் கை, எவர் கத்தி? இவற்றை முறையே காண்போம்.

எவ்வகை உரோமம்?

பூனை மயிராயின் அதனை அகற்றினும் அகற்றாவிடினும் உடல் நலத்திற்கு யாதொரு குறைவுமில்லை. விருப்பம்போற் செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு பெண்ணின் மோவாயிலும், மேலுதட்டிலும், கழுத்திலும் தடித்துக் கறுத்த உரோமம் புதிதாக முளைக்கத் தொடங்கினால், அது அழகைப் பற்றிய கேள்வியன்று; உடம்பு நமக்கு எழுதும் ஒரு கடிதம். அதனைப் படியாமல் மழித்துவிடுதல் அறிவுடைமையாகாது.

அக்கடிதத்துடன் வேறு குறிகளும் சேர்ந்து வருகின்றனவா என்று நோக்க வேண்டும். மாதவிலக்கு ஒழுங்கின்றித் தள்ளிப்போதல், உடல் எடை விரைந்து ஏறுதல், தணியாத முகப்பரு, உச்சந்தலையில் முடி உதிர்தல், பிடரியில் வெல்வெட்டுப் போன்ற கருமை படர்தல் ஆகியன அக்குறிகள். சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கப்படும் கோளாறே இதற்குப் பெரும்பாலும் காரணம். இளம் பெண்களிடை இது அரிதான நோயன்று. உரிய காலத்திற் கவனித்தால் கட்டுக்குள் நிற்பது. கவனியாவிடின் பிற்காலத்தில் நீரிழிவு முதலிய இடர்களுக்கு வழிவகுப்பது. முகத்தில் உரோமம் வளருகிறது என்று தலைகவிழ்ந்து, தாயிடமும் தோழியிடமும் கூறாமல், குளியலறையில் இரகசியமாக மழித்து வரும் மாணவி ஒருத்தி, உண்மையில் தன் நோயின் அடையாளத்தை மறைத்து வருகிறாள். மழித்தல் தவறன்று, மழித்ததோடு நின்றுவிடுதலே தவறு. சில மாதங்களுக்குள் குரல் தடித்து, உரோமமும் மிக விரைவாகப் பெருகுமாயின் ஒரு நாளும் தாழ்த்தாமல் வைத்தியரைக் காணுதல் வேண்டும்.

வெண்மைக் களிம்பால் வரும் சுழல்

உரோமம் முளைத்தற்கு நாமே காரணமாவதும் உண்டு. நிறம் வெளுக்கும் என்று நம்பி, வைத்தியர் சீட்டின்றிக் கடையிற் சில களிம்புகளை வாங்கிப் பலர் முகத்திற் பூசுகின்றனர். அவற்றுட் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்துள்ளது. இந்தியாவின் பல நகரங்களிலுள்ள தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2926 பேருள் 433 பேர் அத்தகைய மருந்தைப் பூசி வந்தனர் என்று கண்டனர். ஏறக்குறைய எழுவரில் ஒருவர்!

அக்களிம்பு முதலில் முகத்தை வெளுத்துக் காட்டும். நாளடைவில் தோல் மெலியும், சிவக்கும், பருக்கள் எழும், முன்னில்லாத உரோமமும் முளைக்கும். உரோமத்தைக் கண்டவர் கத்தியை எடுக்கிறார். மெலிந்த தோலிற் கத்தி பட்டுப் புண்ணாகிறது. புண் ஆறிய இடம் கறுக்கிறது. கருமையை நீக்க மீண்டும் அதே களிம்பைப் பூசுகிறார். செக்கு மாடுபோல் இச்சுழலில் அகப்பட்டவர்க்கு முதலில் வேண்டுவது கத்தியன்று, களிம்பை விடுதற்குரிய மருத்துவ உதவி. திடீரென நிறுத்தின் முகம் எரிந்து சிவக்கும். ஆதலின் அதனையும் வைத்தியர் சொற்படியே செய்தல் நலம்.

எந்நிலைத் தோல்?

பின்வரும் நிலைகளில் முகத்திற் கத்தி வைத்தல் தகாது.

(1) சீழ்க்கட்டிய பருக்கள் இருக்குங்கால். கத்தி அவற்றைக் கீறி, கிருமியை முகமெங்கும் பரப்பும்.

(2) மரு, பாலுண்ணி, உதட்டோரக் கொப்புளம், படர்தாமரை ஆகியன இருக்குங்கால். இவை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கத்தி வழியே பரவும் இயல்பின.

(3) கரப்பான், காளாஞ்சகப்படை, வெண்புள்ளி ஆகியன உடையார்க்கு. இவற்றுட் பின்னிரண்டும் தோல் கீறுண்ட இடத்திற் புதிதாகத் தோன்றுதல் உண்டு.

(4) சிறு காயமும் மேடிட்ட தழும்பாகும் இயல்புடையார்க்கு.

(5) பருவுக்கு வைட்டமின் 'ஏ' இனத்தைச் சேர்ந்த மாத்திரையோ களிம்போ கொள்வார்க்கு. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பார்க்கு. கட்டுக்கடங்காத நீரிழிவு உடையார்க்கு. இவர் தம் வைத்தியரைக் கேளாமற் செய்தல் ஆகாது.

(6) முகத்தில் நிறம் மாறிய தேமல் இருந்து, அவ்விடத்தில் தொடு உணர்ச்சியும் குறைந்திருப்பின், அது தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதனை அழகு நிலையத்திற்குக் காட்டாமல் மருத்துவமனைக்கே காட்டுக. இந்நோய் மருந்தால் முற்றும் தீர்வது, தாழ்த்துதலே கேடு.

இவை எவையும் இல்லாதார்க்கும் நம் நாட்டில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975-ஆம் ஆண்டில் வகுக்கத் தொடங்கிப் பின்னர் விரிந்த முறைப்படி, மக்கள் தோல் வெயிலை ஏற்கும் தன்மையால் ஆறு வகைப்படும். தமிழ் மக்களுட் பெரும்பாலார் நான்காம், ஐந்தாம் வகுப்புகளிற் சேர்வர். நம் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் மிக்கிருத்தலால் வெயிலின் கொடுமையை நன்கு தாங்குகிறோம். அது நமக்குக் கிடைத்த பேறு. அப்பேற்றுக்கு ஒரு விலையும் உண்டு. சிறு கீறலோ எரிச்சலோ நேர்ந்தால், அவ்விடத்தில் நிறப்பொருள் மிகுதியாகச் சுரந்து கருந்தழும்பு படும். மேலைநாட்டார் முகத்திற் சிறிது சிவந்து இரண்டு நாளில் மாறுவது, நம் முகத்திற் பல மாதம் கருமையாகத் தங்கும். மேலைநாட்டாரைக் கொண்டு எடுத்த படங்களைப் பார்த்து நம் முகத்திற்கு முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

எவர் கை, எவர் கத்தி?

தமிழ் நாட்டில் முன்னாளில் நாவிதர்க்கு மருத்துவர் என்னும் பெயரும் வழங்கியது. சிறு கட்டிகளை அறுத்து ஆற்றுவதும் அவர் கையிலிருந்தது. அவர் இல்லத்து மகளிர் பேறுகால உதவி செய்தனர். கத்தி பிடிக்கும் கைக்குத் தோலைப் பற்றிய அறிவும் வேண்டும் என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தமை இதனாற் புலனாகும். தோல் மருத்துவர் கையாளும் முறையில், அறுவைக்குரிய கத்தியைத் தோலுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாகப் பிடித்து, மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துச் சிறு சிறு வீச்சாகச் சீவுவர். இதற்குப் பயிற்சி வேண்டும். சில நாட்பழக்கத்தோடு அழகு நிலையத்தில் அமர்ந்தவர் அறுவைக் கத்தியை எடுப்பாராயின், எழுந்து வருதலே நலம். வீட்டிற் பயன்படும் சிறு முகக் கத்தி காப்பு வரிகளை உடையது. ஆதலின் அது பூனை மயிரை அகற்றுமேயன்றிப் படலத்தை ஆழச் சீவாது. முதன்முறையாகச் செய்வார்க்கு அதுவே போதியது.

கத்தியின் தூய்மை இதனினும் பெரிது. ஈரல் அழற்சியை விளைக்கும் ஹெபடைடிஸ் 'பி' வைரஸ், உலர்ந்த இரத்தத்துளியில் ஒரு வாரம் வரை உயிருடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் போதும். 1986-ஆம் ஆண்டில் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னை நகரத்திலேயே. அதன் பின்னர் சவரக் கடைகளில் ஒவ்வொருவர்க்கும் புதுத் தகடு வைக்கும் வழக்கம் பரவிற்று. ஆடவர் சவரக் கடையில் வற்புறுத்திக் கேட்கும் இவ்வுரிமையை, மகளிரும் அழகு நிலையத்திற் கூசாமற் கேட்டல் வேண்டும். உறை பிரியாத கத்தியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுக. விடுதியில் ஒரே கத்தியைத் தோழியர் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் அன்பின் அடையாளமன்று, ஆபத்தின் வாயில்.

செய்யும் முறை

மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் தக்க விடை கிடைத்த பின்னும், முகம் முழுவதையும் ஒரே நாளில் மழித்துவிட வேண்டுவதில்லை. காதருகே தாடையோரத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் மாத்திரம் செய்து பார்க்க. கருந்தழும்பு உடனே தோன்றாது. ஆகவே மூன்று நான்கு வாரம் பொறுத்திருந்து நோக்குக. அவ்விடம் கறுக்காமலும் பருக்கள் எழாமலும் இருப்பின் மேற்செல்லலாம். நூற்றுக்கணக்கான விளம்பரங்களைக் காட்டிலும், நம் தோல் தரும் இச்சான்று நம்பத்தக்கது.

முகத்தை மென்மையான சவர்க்காரத்தாற் கழுவி நன்கு உலர்த்துக. தோலை இழுத்துப் பிடித்து, உரோமம் சாயும் திசையிலேயே, அழுத்தாமற் சீவுக. ஓரிடத்திற் பன்முறை ஓட்டற்க. இமை, மூக்கின் ஓரம், மச்சம் ஆகியவற்றின்மேற் கத்தி படலாகாது. முடிந்தபின் குளிர்ந்த நீராற் கழுவி, மணமில்லாத ஈரக்களிம்பு சிறிது தடவுக. அடுத்த முறை செய்தற்கு ஒரு மாதமேனும் இடைவெளி விடுக.

அடர்ந்த தாடியுடைய ஆடவர்க்கு இம்முறை ஏற்றதன்று. சுருண்ட மயிர் தோலினுள் மடங்கிப் புகுந்து கொப்புளமாகும் தொல்லை அவர்க்கு மிகுதி. அவர் வழக்கமான சவரத்தையே மென்மையாகச் செய்தல் போதும்.

நம் ஊர் வழக்கங்களோடு பொருந்தக் கவனிக்க வேண்டுவன சில உள. கத்தி பட்ட முகத்தில் அன்றே மஞ்சளை இழைத்துப் பூசுதலும், எலுமிச்சைச் சாறு தடவுதலும் வேண்டா. மஞ்சள் சிலர்க்கு எரிச்சல் தரும். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெயிலிற் கொப்புளித்துக் கறுக்கும். கடைகளில் விற்கும் சாயக் குங்குமத்தைப் புதிதாகச் சீவிய நெற்றியில் இடுதலும் இரண்டொரு நாள் தவிர்க்கத்தக்கது. மேலும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. பகலில் நடப்பார்க்கு முகத்தில் வெயில் மணிக்கணக்கிற் படும். ஆதலின் மலை சுற்றப் போகும் நாளுக்கும், விளையாட்டு விழாவுக்கும், திருமண நாளுக்கும் முன்னாளில் முதன்முறையாக இதனைச் செய்தல் ஆகாது. செய்தவர் ஒரு வாரமேனும் குடையோ முந்தானையோ கொண்டு முகத்தை மறைத்து, வெயிற்காப்புக் களிம்பும் பூசிக் கொள்வாராக.

பிற வழிகள்

மேலுதட்டுக்கும் புருவத்துக்கும் நூல் கொண்டு களைதல் பழகிய வழி. ஆயின் மயிர்க்கால் வீங்குவார்க்கு அதுவும் ஏற்காது. தடித்துக் கறுத்த உரோமத்திற்கு லேசர் சிகிச்சை நல்ல பயன் தரும். அதனைத் தோல் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். ஆனால் பூனை மயிருக்கு லேசர் பயன்படாது. நம் போன்ற நிறமுடையாருட் சிலர்க்கு அது புதிய உரோமத்தை எழுப்பிவிடுதலும் உண்டு. ஐயமுடையார் 2013-ஆம் ஆண்டு தொடங்கிய நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேனும், வேறு தகுதி பெற்ற தோல் மருத்துவரிடத்தேனும் காட்டிக் கேட்பது, களிம்புக்குச் செலவிடும் பொருளினும் நேரத்தினும் சிறிய செலவே. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுதலும் ஒரு நல்ல வழி என்பதை மறத்தல் வேண்டா. பூனை மயிர் ஒரு நோயன்று. எல்லா முகத்திலும் உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கத்தியால் மயிர் தடிக்கும் என்னும் அச்சம் பொருந்தாதென்பதும், கத்தியால் முகம் மாறும் என்னும் ஆசையும் பொருந்தாதென்பதும் விளங்கும். நலமான தோலில், பூனை மயிரை, தூய புதுக் கத்தியால், சிறிது சோதித்தறிந்த பின் அகற்றுவார்க்குக் கேடில்லை. பருவும் படையும் உடையார்க்கும், களிம்பால் மெலிந்த முகத்தார்க்கும், எளிதிற் கறுக்கும் தோலினர்க்கும் இது வேண்டா. தடித்த உரோமம் புதிதாக முளைக்கக் காண்பவர் கத்திக்கு முன்னே வைத்தியரை நாடுக.

மாணவ நண்பர்களே! வகுப்பறையில் ஒருத்தியின் மேலுதட்டைச் சுட்டி நகைக்கும் ஒரு சொல், அவளை வெண்மைக் களிம்புக்கும் இரகசியக் கத்திக்கும் துரத்துகிறது. வைத்தியரிடம் செல்ல வேண்டிய மாதங்களையும் அவளிடமிருந்து பறித்து விடுகிறது. அச்சொல்லைச் சொல்லாதிருத்தல் உங்கள் கையிலுள்ளது. மாணவியரே! உங்கள் முகத்தைப் பற்றிய தீர்மானம் உங்களுடையது. அதனை நாணத்தாலும் செய்யாதீர். பிறர் புகழ்ச்சிக்காகவும் செய்யாதீர். கண்ணாடி முன் நின்று, மேற்கூறிய மூன்று வினாக்களையும் அமைதியாகக் கேட்டு, வரும் விடையின்படி நடந்துகொள்ளுங்கள்.